சூடு என்று எழுதிய அண்ணனுக்கு

ஒரகடம்
14-2-1982

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை கங்கா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் அவரும் அத்தையும் சுகம். உங்கள் சுகத்துக்கும் அண்ணி சுகத்துக்கும் பதில் போடவும்.

நீங்கள் பிலாய்க்கு ரயில் ஏறிய பிறகு என் உடம்பு தேறிக்கொண்டு வருகிறது. கிணற்றடிவரை மூச்சு வாங்காமல் போய் வருகிறேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாலு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னபோது நீங்கள் ஒருவர்தான் பிடிவாதமாக நின்றீர்கள். அதை மறக்க மாட்டேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெட்ராஸுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறோம். ஊசி என் கையில். ஆனால் ரிசல்ட் வந்ததும் டாக்டரம்மா அவரைத்தான் உள்ளே கூப்பிடுகிறார்கள். நான் வெளியே பெஞ்சில். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "நல்லா கீதாம்" என்கிறார். நல்லா இருந்தால் எதற்கு மறுபடி மறுபடி எடுக்கிறார்கள்? குழம்பில் எதற்கு உப்புப் போடக்கூடாது?

இன்னொன்று. ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் எனக்கு நினைவு சரியாக இல்லை. ஆனால் வயிற்றில் ஒரு குழாய் இருந்தது நினைவிருக்கிறது. இதயம் நெஞ்சில்தானே இருக்கிறது, வயிற்றில் எதற்குக் குழாய்? நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
கங்கா


பிலாய்
2-3-1982

அன்புத் தங்கை கங்காவுக்கு அண்ணன் கண்ணப்பன் ஆசீர்வாதம். இங்கு நாங்கள் நலம். நீ கிணற்றடிவரை நடப்பதாகப் படித்ததும் உன் அண்ணி சாமிக்கு விளக்கேற்றினாள்.

பெரிய ஆபரேஷன் என்றால் பத்துக் குழாய் போடுவார்கள். அதையெல்லாம் நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. டாக்டர் சொன்னதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். நீ வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிட்டு, அத்தை சொல்வதைக் கேட்டு நடந்துகொள். உப்பைக் குறைப்பது எல்லோருக்கும் நல்லதுதான்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. ஃபர்னஸ் பக்கம் நிற்க முடியவில்லை.

உன் அண்ணன்,
கண்ணப்பன்


ஒரகடம்
25-3-1982

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு கங்கா எழுதுவது. நலம். நலமறிய ஆவல்.

பத்துக் குழாய் போடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது ஒரு குழாயைப் பற்றி. பரவாயில்லை, விடுங்கள்.

அவர் நைட் ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். ஜனவரியிலிருந்து ஒரே நைட். கூட வேலை செய்பவரின் சம்சாரம் படப்பை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "இன்னா கங்கா, ஒங்க வூட்டுக்காரரு மட்டும் ஷிஃப்டே மாத்த மாட்டன்றாராமே?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் வருகிறார், சாப்பிடுகிறார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். அண்ணனிடம் இதற்கு மேல் எழுத முடியாது. அண்ணியிடம் படிக்கக் கொடுங்கள், அவர்களுக்குப் புரியும். நெஞ்சில் இவ்வளவு நீளத் தழும்போடு வந்தவளை எந்த ஆம்பிளைக்குப் பிடிக்கும் என்று எனக்கும் புரிகிறது.

அத்தைக்கும் கவலை. ஆபரேஷன் ஆனதும் குழந்தை நிற்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வாலாஜாபாத் பக்கம் ஒரு வைத்தியரிடம் போய் லேகியம் வாங்கி வந்தார்கள். பஸ்பம் கலந்ததாம், கசக்கிறது. காலையும் மாலையும் சாப்பிடுகிறேன். அத்தை சொன்னார்கள் என்பதற்காக மட்டும் இல்லை. எனக்கும் ஆசைதான்.

கங்கா


பிலாய்
6-5-1982

அன்புத் தங்கைக்கு ஆசிகள். பதில் போடத் தாமதம். குவார்ட்டர்ஸில் வெள்ளையடிக்கும் வேலை நடந்தது.

அந்த லேகியம் வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வெயிலில் அது உடம்புக்குச் சூடு. அத்தை மனம் கோணாமல் மெதுவாகச் சொல்லி நிறுத்திவிடு. ரொம்பவும் வருத்தப்பட்டார்கள் என்றால் கொஞ்சமாகச் சாப்பிடு.

மாப்பிள்ளை உழைப்பாளி. ஷிஃப்ட் விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

கண்ணப்பன்


ஒரகடம்
20-6-1982

அண்ணனுக்கு கங்கா எழுதுவது.

கடிதத்தில் பெரியவர்களை நீங்கள் என்று எழுதவேண்டுமென்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நேரில் உன்னை நீ என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தேன். இந்தக் கடிதத்தை நீங்கள் போட்டு எழுத என்னால் முடியாது.

வைகாசியிலேயே எனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் குமட்டல். அத்தை நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டார்கள். சிரிக்காதே. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தே ஐந்து மாதம் ஆகிறது, எதைச் சொல்வது? போன தடவை ஆஸ்பத்திரியில் ரிசல்ட் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது அவர் முகம் செத்துப் போயிருந்தது. "இன்னா சொன்னாங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல, நட, பஸ் போய்டும்" என்றார்.

வியாழக்கிழமை அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தாம்பரத்தில் ரயில் பிடித்து, தனியாக, ஆஸ்பத்திரிக்கு. லேகியப் பாத்திரத்தையும் பையில் போட்டுக்கொண்டேன். இந்த ஒன்றைத்தான் நான் புதிதாகச் சாப்பிடுகிறேன், ஒத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணமோ என்று கேட்க.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்றார்கள்.

"நான்தாம்மா பேஷண்ட், அவரு இல்ல."

"இல்லம்மா, ரிப்போர்ட் விஷயம் எல்லாம் அவர்கிட்டதான்..."

"ரத்தம் யாரு கையில எடுத்தீங்க?"

வாசலில் நின்ற நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். நான் போகவில்லை. டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள்.

"உக்காரு. உனக்கு யாருமே எதுவும் சொல்லலையா?"

அண்ணா, அவர்கள் சொன்னதை எல்லாம் நான் உனக்குத் திருப்பிச் சொல்லவேண்டியதில்லை. உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். என் காதில் விழும்போது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

வால்வைச் சரி செய்வதற்காக என் இதயத்தை நிறுத்தி வைத்து, ரத்தத்தை ஒரு மெஷினில் விட்டு ஓட்டினார்களாம். அந்த நேரத்தில் கிட்னிக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை. அது அடிபட்டுவிட்டது. "இதுல யார் தப்பும் இல்லம்மா, சில பேருக்கு இப்படி ஆகும்" என்றார்கள். சிறுநீர் நின்றுபோய், உடம்பு வீங்கி, அழுக்கெல்லாம் ரத்தத்தில் தங்கிவிட்டதாம். அதைக் கழுவத்தான் வயிற்றில் குழாய். ரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின் என்று இரண்டு பார்க்கிறார்கள். கிரியேட்டினின் நல்ல உடம்பில் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்குமாம். எனக்கு ஆறைத் தாண்டிப் போய், வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டுக்கு வந்தது. பிப்ரவரி மாதம் இன்னும் இறங்கியது. நான் கிணற்றடிக்கு நடந்து சந்தோஷப்பட்ட சமயம். இப்போது மூன்று.

"எனக்கு அந்த இடத்துல வலியே இல்லியேம்மா?" என்றேன்.

"கிட்னி வலிச்சுச் சொல்லாதும்மா. ரத்தம்தான் சொல்லும். அதனாலதான் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கோம். இறங்கிட்டு வந்தது ஏன் ஏறுதுன்னுதான் எனக்குப் புரியல. என்ன சாப்பிடுற?"

பாத்திரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். மூடியைத் திறந்து பார்த்ததும் அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"பஸ்பமா? இதை யாரு சாப்பிடச் சொன்னது?"

"சாப்பிடக் கூடாதுன்னு யாரும்மா சொன்னது?"

"உங்க அண்ணனையும் வீட்டுக்காரரையும் ரெண்டு பேரையும் எதிர்ல நிக்க வெச்சு சொன்னேன். நாட்டு மருந்து எதுவும் கூடாது. ரெண்டு வருஷத்துக்குக் குழந்தை கூடாது, கிட்னி தாங்காதுன்னு சொன்னேன். தலைய ஆட்டினாங்களே ரெண்டு பேரும்!"

இதைக் கேட்டதும் எனக்குத் தழும்பு நினைவுக்கு வந்தது. ஐந்து மாதமாக அதைப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறேன். கண்ணாடியைத் திருப்பி வைத்திருக்கிறேன். அவர் நைட் ஷிஃப்டுக்கு ஓடியது தழும்புக்காக இல்லை. காரணத்தைச் சொல்லாமல் தப்பிக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

அப்புறம் உன் கடிதம் நினைவுக்கு வந்தது. சூடு என்று எழுதியிருந்தாய். கூடப்பிறந்த ஒருவன், தெரிந்தே, சூடு என்று எழுதினாய். வருத்தப்பட்டால் கொஞ்சமாகச் சாப்பிடு என்று எழுதினாய். கிட்னி என்று மூன்று எழுத்து எழுத உனக்குக் கை வரவில்லை.

கங்கா


ஒரகடம்
9-7-1982

அண்ணனுக்கு,

உன் பதில் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் இதையும் எழுதுகிறேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பி வந்து அவரை எழுப்பினேன். "எனக்கு கிட்னி கெட்டுப் போயிருக்கு. உனக்கு எப்ப இருந்து தெரியும்?" என்றேன். எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல கங்கா. ஒங்க அண்ணன்தான் சொல்ல வேணாம்னாரு."

"தெனம் ரெண்டு வேள உங்கம்மா அந்த லேகியத்த குடுத்துச்சே. இங்கதான படுத்துக்கினு இருந்த? பாத்துக்கினுதான இருந்த?"

"அம்மா கைல வேணாம்னு சொன்னா ஏன்னு கேக்கும். ஏன்னு சொன்னா..."

அத்தை கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியோடு உள்ளே வந்து நின்றார்கள். நான் அவர்களைத்தான் முதலில் பிடித்துக் கத்தப் போனேன். ஐந்து மாதக் கோபம் இருந்தது. ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னாடா சொல்றா இவ? கிட்னியா? எந்த டாக்டரு சொன்னான்? எப்ப சொன்னான்?"

அவர்களுக்கும் தெரியாது அண்ணா. யாரும் சொல்லவில்லை. சொந்த மகன், அதே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு.

அவர் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். அத்தை வாளியைக் கீழே வைத்தார்கள். "அப்போ நான் எங்கையால இவளுக்கு வெசம் குடுத்துக்கினு இருந்தேனாடா? நீ பாத்துக்கினு இருந்தியா?" என்று கேட்டு மகனை அறைந்தார்கள். முப்பது வயது ஆள், வாங்கிக்கொண்டு நின்றார். லேகியம் எருக்குழிக்குப் போனது.

அன்றிலிருந்து அத்தை மகனோடு பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. சோறு அடுப்பின் மேல் இருக்கும், போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்.

கங்கா


பிலாய்
18-8-1982

கங்காவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. மூன்று நாலு தடவை பதில் எழுதிக் கிழித்தேன்.

நீ எழுதுவதைப் பார்த்தால் நான் ஏதோ கொலை செய்தவன் போல இருக்கிறது. ஒரு மாதம் லீவு போட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவன் நான். டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னபோது என்னால்தான் இப்படி ஆனது என்று நினைத்தேன். ஆபரேஷன் செய்தே தீரவேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான்தானே.

நீ தாய் தகப்பன் இல்லாத பெண். கல்யாணமாகி நாலு வருடம் குழந்தை இல்லை. இன்னும் இரண்டு வருடம் கூடாது, கிட்னியும் கெட்டுவிட்டது என்று தெரிந்தால் அந்த வீட்டில் உன்னை வைத்திருப்பார்களா? மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்க்க எத்தனை நாளாகும்? இங்கே எனக்கு இருப்பது ஒரு ரூம் குவார்ட்டர்ஸ். உன்னை எங்கே கூட்டி வந்து வைப்பேன்? மாப்பிள்ளை நல்லவர், சொல்லாமல் இருக்க ஒத்துக்கொண்டார். உன் வாழ்க்கை கெடக்கூடாது என்றுதான் செய்தேன். அதற்கு இப்படி ஒரு கடிதம் எழுத உனக்கு மனம் வந்ததே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கண்ணப்பன்


ஒரகடம்
27-8-1982

அண்ணனுக்கு கங்கா எழுதுவது.

நீ வராந்தாவில் படுத்ததை நான் மறக்கவில்லை. கொசு கடித்து உன் கை வீங்கியிருந்தது கூட நினைவிருக்கிறது. நீ கையெழுத்துப் போடாவிட்டால் நான் இன்று உயிரோடு இருக்க மாட்டேன். இன்னும் பத்து முறை கேட்டாலும் நன்றி சொல்வேன். கிட்னி கெட்டதற்கு உன்னை நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா? டாக்டரம்மாவே யார் தப்பும் இல்லை என்றார்கள். நீ பயந்துகொண்டிருப்பது அதற்கு. நான் கோபப்படுவது வேறு ஒன்றுக்கு. இரண்டையும் கலக்காதே.

என் வாழ்க்கை கெடக்கூடாது என்று எழுதியிருக்கிறாய். எது அண்ணா என் வாழ்க்கை? இந்த வீட்டில் ஒரு பாய் போடும் இடமா? அந்த இடத்தைக் காப்பாற்ற, உள்ளே இருக்கும் உடம்பை விட்டுவிட்டாய். துரத்திவிடுவார்களோ என்று நீ பயந்தாய். சரி. என்னிடம் சொல்லியிருந்தால் நானும் பயந்திருப்பேன். பயந்துகொண்டே லேகியத்தை வேண்டாம் என்றிருப்பேன். வயிற்று வலி என்று பொய் சொல்லியாவது கீழே கொட்டியிருப்பேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாதா? உங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியுமா?

நான் இதை எழுதுவதைப் பார்த்து அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். உன் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஆமாம், முழுவதும். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"ஏம்பா கண்ணப்பா, நான் பாப்பம்மா பேசறேன். நான் இன்னா ராட்சசியா? கொழந்த இல்லன்னா தொரத்திடுவேன்னு நீயே முடிவு பண்ணிக்கினியா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? நீயும் எம்புள்ளயும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கினு எம்மேல பழியப் போட்டுட்டீங்க. கடசில மருந்து குடுத்த பாவம் ஆருக்கு? எனக்கு! பொம்பளைங்க ரெண்டு பேர் வூட்ல கீறோம், எங்களுக்கு காது இல்லியா? நீ வா இங்க. வந்தா உனுக்கும் ஒண்ணு வெப்பேன்."

இதுவரை அத்தை சொன்னது. அவர்கள் மாட்டைப் பிடித்துக் கட்டப் போயிருக்கிறார்கள். உன்னிடம் மட்டும் ஒன்று எழுதுகிறேன். அத்தை சொல்வதை நான் முழுக்க நம்பவில்லை. பிப்ரவரியிலேயே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ. வேறு பெண் பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம். அது அவர்களுக்கே இப்போது தெரியாது. ஆனால் அதை நேருக்கு நேர் பார்க்கவேண்டியவள் நான். நீ எனக்காகப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

கங்கா


பிலாய்
30-10-1982

அன்புத் தங்கை கங்காவுக்கு,

நாங்கள் நலம். தீபாவளிக்கு வர லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வரலாம் என்று இருக்கிறேன், அத்தை அடித்தாலும் சரி.

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மாப்பிள்ளைக்கு எழுதிக் கேட்டேன். "எதுவாக இருந்தாலும் கங்காவைக் கேளுங்கள்" என்று கார்டு போட்டிருக்கிறார். உன் அண்ணி தினமும் கேட்கிறாள். கிரியேட்டினின் இப்போது எவ்வளவு? அதை மட்டுமாவது எழுது.

கண்ணப்பன்


ஒரகடம்
21-11-1982

அன்புள்ள அண்ணனுக்கு கங்கா எழுதுவது. இங்கு எல்லோரும் இருக்கிறோம். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

ஆபரேஷனுக்கு முன் வேலை பார்த்த படப்பை பால்வாடியில் மறுபடி சேர்ந்துவிட்டேன். குழந்தைகளைத் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள், அதனால் உட்கார்ந்தபடியே பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. மழையில் ஏரி நிறைந்து பஸ் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் ரத்தம் கொடுக்கவேண்டிய நாள். அத்தை முழங்கால்வரை தண்ணீரில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெயின் ரோடுவரை வந்தார்கள். வழியெல்லாம் டாக்டர்களைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் டாக்டரம்மாவைக் கும்பிட்டார்கள்.

இப்போது ரிசல்ட் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் வருகிறார், பெஞ்சில் உட்காருகிறார். போன மாதம் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார். ராத்திரி வீட்டில் இருக்கிறார். நான் இன்னும் அவரோடு சரியாகப் பேசவில்லை. அன்று திரும்பி வரும்போது ரயிலில், "இன்னா சொன்னாங்க கங்கா?" என்று கேட்டார். தாம்பரம் வரும்வரை நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கிட்னி முழுக்கப் பழையபடி ஆகாதாம். "ஆனா இதோட நீ நல்லா வாழலாம், நான் சொல்றதைக் கேட்டா" என்றார்கள் டாக்டரம்மா. "எங்கிட்ட சொன்னா கேப்பேன்" என்றேன். சிரித்துவிட்டார்கள். இனி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தால் போதும். குழந்தையைப் பற்றி எண்பத்து நாலில் பேசலாம் என்றார்கள். அந்தப் பேச்சுக்கும் நான்தான் போவேன்.

கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்டிருக்கிறாய். எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் எழுத மாட்டேன். பொங்கலுக்கு வா. என் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக் கேள்.

கங்கா